வீடு கட்ட வந்த விருந்தாளிகள்

ஒரு நாள் காலை உங்கள் வீட்டு வாசலில் இரண்டு வேன்கள் வந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் இறங்குகிறார்கள். பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். உங்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது. கையில் சுத்தியல், இடுப்பில் ஆணிப் பை. "உங்களுக்கு வீடு கட்டித்தர வந்திருக்கிறார்கள். நான்கு நாளில் முடித்துவிடுவார்கள்" என்று மொழிபெயர்ப்பவர் சொல்கிறார். மகிழ்வீர்களா, கூச்சப்படுவீர்களா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது கற்பனையன்று. மெக்சிகோ நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள பாஹா கலிபோர்னியா மாநிலத்தில் ஆண்டுதோறும் நடப்பது. ஈஸ்டர் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் அமெரிக்க தேவாலயங்களிலிருந்து தொண்டர் குழுக்கள் புறப்படுகின்றன. சான் டியேகோ நகரைத் தாண்டி எல்லையைக் கடந்தால் திஹுவானா. அங்கேயே தங்கி வேலை செய்வோர் உண்டு. இன்னும் தெற்கே போவோரும் உண்டு. அமெரிக்க தேவாலயங்களைச் சேர்ந்த பெரியவர்களில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படிப்பட்ட குறுகிய காலத் தொண்டுப் பயணமாக வெளிநாடு செல்கிறார்கள் என்று ராபர்ட் வுத்னோ என்ற சமூகவியல் பேராசிரியர் கணக்கிட்டார். அவர்கள் அதிகமாகப் போகும் நாடுகளில் மெக்சிகோவும் ஒன்று. பக்கத்து நாடு, விமானச் செலவுகூட வேண்டாமே!

எல்லையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே சான் கின்டின் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. தோட்டப்புறத்து வாசகர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே தக்காளி விளைகிறது. ஸ்ட்ராபெரி பழம் விளைகிறது. பெரும்பகுதி அமெரிக்கக் கடைகளுக்குப் போய்விடும். பறிக்கும் கைகளோ தெற்கே வெகுதூரத்தில் உள்ள வஹாக்கா மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த மிஸ்தெக், திரிக்கி முதலிய பழங்குடி மக்களுடையவை. அவர்களிற் பலருக்கு ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழிதான். வேனில் வந்த மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிய மொழியில் அழகாகப் பேசுவார். மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதுவும் பாதிதான் புரியும்.

தொடக்கத்தில் இம்மக்களைப் பண்ணை முகாம்களில்தான் வைத்திருந்தார்கள். வரிசையாகத் தகர அறைகள். குடும்பத்துக்கு ஓர் அறை. குழாயும் கழிப்பிடமும் பொது. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு கொஞ்சங்கொஞ்சமாக அவர்கள் முகாம்களை விட்டு வெளியேறினார்கள். தவணை முறையில் துண்டு நிலம் வாங்கி, கிடைத்த பலகையையும் தார்ப்பாயையும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டார்கள். அந்தக் குடிசைக்குப் பக்கத்தில்தான் வேன்கள் வந்து நிற்கின்றன.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர்தான் எந்தக் குடும்பத்துக்கு வீடு என்று பார்த்துச் சொல்கிறார். நிலத் தவணை கட்டி வருகிறார்களா, பிள்ளைகள் எத்தனை பேர் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். தரைக்குச் சிமெண்டு கொட்டி, அதன்மேல் மரச் சட்டம் நிறுத்தி, பலகை அடித்து, கூரை போட்டு, சாயம் பூசுகிறார்கள். 16 அடிக்கு 20 அடி அளவில் ஒரு சிறு வீடு. வீட்டுக்காரரும் கூட நின்று வேலை செய்வார். மதியச் சாப்பாட்டை வீட்டுக்காரி சமைத்துப் போடுவதும் உண்டு. கடைசி நாளில் எல்லாரும் வட்டமாக நின்று ஜெபம் செய்து, சாவியைக் குடும்பத் தலைவியின் கையில் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் இரு தரப்பிலும் கண்ணீர் வரும். அந்தக் கண்ணீர் பொய்யன்று. மழைக்காலத்தில் மண் தரையில் பிள்ளைகளைப் படுக்கவைத்த தாய்க்குப் பூட்டுப் போடக்கூடிய கதவு ஒன்று கிடைப்பது சின்ன விஷயமா?

ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. முதற் கேள்வி கணக்குக் கேள்வி. ஆசிரியனுக்கு அது பழகிப்போன புத்தி!

1998-ஆம் ஆண்டு மிட்ச் என்ற சூறாவளி மத்திய அமெரிக்க நாடான ஹொண்டுராசைச் சூறையாடியது. வீடிழந்தோருக்கு வட அமெரிக்கத் தொண்டர் குழுக்களும் வீடு கட்டின. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகளும் கட்டின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2006-இல் கட்டுரை வெளியிட்டார். உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். வெளிநாட்டுக் குழு போய்வரும் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர்! யார் கட்டியிருந்தாலும் குடியிருப்போரின் வாழ்க்கையில் பின்னாளில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அந்தப் பணத்தில் இன்னும் பல வீடுகள் கட்டியிருக்கலாமே என்பதுதான் அம்மக்களின் எண்ணம். போய்வந்த தொண்டர்களோ "என் வாழ்க்கையே மாறிவிட்டது, இனி அதிகம் கொடுப்பேன்" என்றார்கள். நன்கொடைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் அந்த மாற்றம் அவ்வளவாகத் தென்படவில்லை.

பாஹாவுக்கு வேனில் போகிறவர்களுக்கு இவ்வளவு செலவாகாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மெக்சிகோவிலும் வேடிக்கைகள் நடக்காமல் இல்லை. ஒரே கோடைக்காலத்தில் ஆறு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒரே தேவாலயத்துக்கு ஆறு முறை சாயம் பூசியதாக 2008-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் எழுதியது. வந்தவர்களுக்கு வேலை கொடுக்காமல் அனுப்ப மனம் வரவில்லை போலும். விருந்தோம்பல் என்பது சில வேளைகளில் வீட்டுக்காரனுக்குச் சுமைதான்.

இதையெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே முகத்துக்கு நேராகச் சொன்னவர் ஒருவர் உண்டு. வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார் இவான் இல்லிச். மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் மையம் ஒன்று நிறுவி, லத்தீன் அமெரிக்காவுக்கு வரும் மதத் தொண்டர்களுக்கு மொழியும் நாட்டு வழக்கமும் கற்பித்தவர். 1968 ஏப்ரலில் மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் அவர் பேசினார். உங்கள் நல்லெண்ணம் போதாது. பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கொடுக்கும் இடத்தில் நின்று பழகியவர்கள், எதிரே இருப்பவன் வாங்க மட்டுமே பிறந்தவன் என்று எண்ணத் தொடங்குவார்கள் என்ற அச்சம் அவருக்கு.

எனக்கு இல்லிச்சின் பேச்சு கடுமையாகவே படுகிறது. பதினாறு வயதுப் பிள்ளை விடுமுறையில் கடற்கரைக்குப் போகாமல் வெயிலில் ஆணி அடிப்பதை ஏன் குறை சொல்ல வேண்டும்? ஆனால் அந்தப் பிள்ளைக்கு யாராவது முழுக் கதையையும் சொல்ல வேண்டாமா? அவன் வீட்டுக் காலைச் சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் ஸ்ட்ராபெரி இதே பள்ளத்தாக்கில் பறித்ததாக இருக்கலாம். பறித்தவளுக்கு என்ன கூலி, அந்தக் கூலியில் வீடு கட்ட முடியுமா என்று அவன் கேட்டால், சுத்தியலைவிடக் கனமான ஒன்றைத் தூக்கியவன் ஆவான்.

அந்தக் கேள்வியைத் தொழிலாளர்களே ஒரு நாள் கேட்டுவிட்டார்கள். 2015 மார்ச் 17-ஆம் தேதி சான் கின்டின் பண்ணைகளில் பல்லாயிரம் பேர் வேலைக்குப் போகாமல் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஈஸ்டருக்கு மூன்று வாரங்கூட இல்லை. தொண்டர் வேன்கள் வரும் சாலையும் அதுதான். அப்போது நாள் கூலி 100 முதல் 120 பெசோ வரை. அமெரிக்கப் பணத்தில் 8 டாலருக்கும் குறைவு. 300 பெசோ வேண்டும் என்று தொடங்கி, பிறகு 200-க்கு இறங்கினார்கள். சமூகக் காப்புறுதி, மிகைநேர ஊதியம், மேற்பார்வையாளர்கள் பெண்களுக்குக் கொடுக்கும் தொல்லைக்கு முடிவு ஆகியவற்றையும் கேட்டார்கள். அதே ஆண்டு ஜூனில், பண்ணையின் அளவுக்கேற்ப 150, 165, 180 பெசோ என்று முடிவாயிற்று. கேட்டது கிடைக்கவில்லை, ஆயினும் முன்பைவிட மேல். 2019 ஜனவரியில் வட எல்லைப் பகுதி முழுவதற்கும் சட்டப்படியான குறைந்தபட்ச நாள் கூலி 176 பெசோவாக, ஏறக்குறைய அதுவரை இருந்ததைப்போல் இரு மடங்காக, உயர்ந்தது.

வஹாக்கா மக்களிடம் 'தெக்கியோ' என்ற பழைய வழக்கம் உண்டு. பாதை போடவும் பள்ளிக்கூடம் கட்டவும் தண்ணீர் கொண்டு வரவும் வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் வந்து வேலை செய்ய வேண்டும். நம் நாட்டில் கோத்தோங் ரோயோங் என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கூடிக் கட்டுவது எப்படி என்று வெளியார் வந்து கற்றுக்கொடுக்க வேண்டிய மக்கள் அல்லர் இவர்கள். அங்கே கொத்தனார்களுக்கும் பஞ்சமில்லை. விவரமறிந்த குழுக்கள் உள்ளூர்க் கொத்தனாரைக் கூலி கொடுத்துத் தலைவராக வைத்து, பிள்ளைகளை அவருக்குச் சிற்றாள்களாக விடுவது நல்லது. கலவை குழைப்பதும் கல் எடுத்துக் கொடுப்பதும் ஒன்றும் தாழ்வான வேலையல்லவே!

இன்னொன்று. மெக்சிகோவில் பெரும்பாலோர் விரும்புவது பலகை வீடன்று. சிமெண்டுக் கல் வீடு. கையில் காசு வரும்போது ஓர் அறை, அடுத்த ஆண்டு இன்னோர் அறை என்று கட்டுவார்கள். கூரைக்கு மேலே மூலைத் தூண்களின் இரும்புக் கம்பிகளை வெட்டாமல் நீட்டியே விட்டிருப்பார்கள். அவற்றை 'நம்பிக்கைக் கம்பிகள்' என்றே அங்கே அழைக்கிறார்கள். வேனில் வந்த பிள்ளைகள் அவற்றைப் பார்த்து, வேலை பாதியில் நின்றுவிட்டது என்று நினைக்கக்கூடும். வீட்டுக்காரரைக் கேட்டால், மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகட்டும், மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும் என்பார்.