வண்ணப் பென்சிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

அருங்காட்சியகத்துக்கு வரும் குழந்தையின் கையில் நாம் முதலில் திணிப்பது ஒரு தாள். அதில் நடராஜரின் கோட்டோவியம் அச்சிட்டிருக்கும். கூடவே ஆறு வண்ணப் பென்சில்கள். "கோட்டைத் தாண்டாம அழகா கலர் பண்ணுங்க பாப்போம்." நான் வேலை செய்யும் கலை அருங்காட்சியகத்தில் இந்தத் தாள் ஓர் அலமாரி நிறையக் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. எங்களிடம் நடராஜர் சிலையே கிடையாது. ஓர் அம்மன் இருக்கிறாள், ஒரு சந்திரசேகரர் இருக்கிறார், இன்னும் சில சிறிய செப்புத் திருமேனிகள், ஒரு கூடம் நிறைய நவீன ஓவியங்கள். நடராஜர் இணையத்திலிருந்து இறங்கி வந்தவர். இருபது அடி தள்ளி நிஜமான அம்மன் நின்றுகொண்டிருக்க, பிள்ளைகள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இல்லாத சிலைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். இதைத்தான் 'குழந்தைகளுக்கான கலைக் கல்வி' என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம்.

என் அடையாள அட்டையில் 'யூத் அண்ட் ஃபேமிலி எஜுகேட்டர்' என்று போட்டிருக்கிறது. அதற்குத் தமிழில் என்ன என்று யாரும் யோசித்ததில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 'மிஸ்' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும் குடும்பங்கள் 'மேம்' என்கின்றன. எங்கள் செக்யூரிட்டி அண்ணன் மட்டும் "பசங்க மேடம் வந்துட்டாங்க" என்பார். இருப்பதிலேயே பொருத்தமான பெயர் அதுதான். ஊரையும் நிறுவனத்தையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் வேலை போகும் என்பது ஒரு காரணம். நான் பேசும் விஷயம் எங்கள் கட்டடத்தோடு முடிவதில்லை என்பது இன்னொன்று.

சென்னைக்காரர்களின் பழைய வழக்கு ஒன்று உண்டு. எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. 1851இல் தொடங்கிய மியூசியத்தின் வளாகத்தில்தான் மிருகக்காட்சியும் பிறந்தது. பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், கடைசியில் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. பெயர் வைத்தவர்கள் யாரென்று தெரியாது, ஆனால் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இரண்டையுமே காலேஜ் என்று சொன்னார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஜனங்களும் காசு கொடுத்தோ கொடுக்காமலோ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய கல்லூரி. பார்ப்பதுதான் அங்கே படிப்பு. அந்தப் படிப்பைத்தான் நாங்கள் இப்போது இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருந்துகளில் 120 பிள்ளைகள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு, வழியில் இரண்டு பேர் வாந்தி எடுத்து வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நாங்கள் ஒதுக்கும் நேரம் 40 நிமிடம். இரண்டு வரிசை. வாயில் விரல். நான் முன்னால் நடக்க, அண்ணன் பின்னால் வர, நான்கு கூடங்களையும் சுற்றி வெளியே வந்தால் தாளும் பென்சிலும். ஞாயிற்றுக்கிழமை வேறு. 15 பிள்ளைகள், இரண்டு மணி நேரம், தலைக்கு 600 ரூபாய், களிமண், மோர், பிஸ்கட். அதே கூடம், அதே அம்மன். ஒரு பிள்ளைக்கு எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்னோடு பேச வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு பிள்ளைக்கு என் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

ஆண்டுக் கணக்கில் இந்த வித்தியாசம் தெரியாது. அங்கே எல்லாம் தலைகள். புதன்கிழமைத் தலை 120, ஞாயிற்றுக்கிழமைத் தலை 15. கணக்கைப் பார்ப்பவருக்கு நாங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டு மடங்கு சேவை செய்வதுபோலத் தோன்றும்.

"அதுக்கென்ன, அந்தப் பசங்க வந்ததே பெரிசு இல்லையா?" என்பார்கள் மேலே. இந்த வாக்கியத்தை நான் வெறுக்கிறேன். வந்தது பெரிது என்றால் வாசலிலேயே ஒரு போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்பிவிடலாமே.

அந்த வரிசைக்குள் என்ன வருகிறது என்று சொல்கிறேன். ஒரு புதன்கிழமை, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மன் முன்னால் வரிசையை நிறுத்திவிட்டாள். "மிஸ், சாமிக்கு ஏன் துணியே கட்டல?" பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியை "ஏய், சும்மா வாடி" என்று அதட்டினார். ஆனால் கேள்வியைப் பாருங்கள். அவள் ஊர்க் கோயிலில் உற்சவரை எப்போதும் பட்டும் மாலையுமாகத்தான் பார்த்திருக்கிறாள். முகமும் கையும் மட்டும்தான் வெளியே தெரியும். சோழர்காலச் சிற்பியின் இடுப்பு வளைவைப் பற்றி நாம் பக்கம்பக்கமாக எழுதியதெல்லாம், அலங்காரத்தைக் கழற்றிவிட்டு, சிலையைக் கண்ணாடிக்குள் நிறுத்தியபிறகு பார்த்தவர்கள் எழுதியது. கோயிலில் இருப்பதற்கும் கூடத்தில் இருப்பதற்கும் இடையே அந்தச் சிலைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள்.

அவளுக்குப் பக்கத்திலிருந்த பையன் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த ஓட்டைல கம்பு விட்டுத்தான் தூக்குவாங்க. எங்க தாத்தா சாமி தூக்குறவரு. தோள்பட்டை காச்சுப் போயிருக்கும்." எங்கள் விளக்கப் பலகையில் காலம், உலோகம், உயரம் மூன்றும் இருக்கின்றன. அந்தத் துளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊர்வலத்துக்காகச் செய்த திருமேனி இது, நிற்பதற்கு மட்டும் செய்ததல்ல என்பதை அந்தக் கூடத்தில் அன்று அறிந்திருந்தவன் அவன்தான். அடுத்த பள்ளி வாசலில் நின்றது. வரிசை நகர்ந்தது.

எனக்கு அன்று இன்னும் கால்மணி நேரம் இருந்திருந்தால் மெழுகைப் பற்றிப் பேசியிருப்பேன். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து முதலில் மெழுகில் அம்மனைச் செய்வதை, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுடும்போது மெழுகு உருகி ஓடிவிடுவதை, அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி, ஆறியபின் மண் கூட்டை உடைத்து எடுப்பதை. கூட்டை உடைத்துவிடுவதால் அதே அச்சில் இன்னொரு அம்மன் வரமாட்டாள். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். "உள்ளே பொள்ளலா, கெட்டியா?" என்று கேட்டால் பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். கெட்டி. கனவார்ப்பு. அதனால்தான் தாத்தாவின் தோள் காய்த்துப் போயிருக்கிறது. இத்தனையும் அந்த ஓட்டையிலிருந்தே கிளம்பி வந்துவிடும். பையன் தொடங்கியும் கொடுத்துவிட்டான். கால்மணி நேரம்தான் இல்லை.

பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சென்னை மியூசியத்தின் நடராஜர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1921இல், அவர் இறந்தபிறகு, அச்சாயிற்று. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. திருவாலங்காட்டு நடராஜரை அவர் பார்த்தது புகைப்படங்களில். வெறும் கறுப்பு வெள்ளைப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டையும் கால் விரலையும் தனித்தனியாகக் கவனித்து எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்த கிழவருக்கு நேரம் இருந்தது. பேருந்தில் வந்து நேரில் நிற்கும் பிள்ளைக்கு இல்லை.

நேரம் பற்றி ஒரு கணக்கு சொல்லவேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஜெஃப்ரி ஸ்மித்தும் லிசா ஸ்மித்தும் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. அதில் விளக்கப் பலகை படிப்பதும் சேர்த்தி. பெரியவர்களின் லட்சணமே இதுதான். பிள்ளைகளை இன்னும் வேகமாக ஓட்டுவதற்கு எங்களுக்கு ஒரு வேலை கொடுத்து, அதற்குக் கல்வி என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

நீண்ட நேரம் பார்க்கவைப்பது பெரிய வித்தையும் இல்லை. அபிகெயில் ஹௌசன் என்ற உளவியலாளரும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்தான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? இரண்டாவது கேள்விதான் சூட்சுமம். "சோகமா இருக்காங்க" என்று சொல்லும் பிள்ளை, எதனால் என்று கேட்டதும் திரும்பிப் படத்துக்குள் போகவேண்டியிருக்கிறது. தமிழில் இன்னும் சுருக்கமாகக் கேட்கலாம்: "எத வச்சு சொல்ற?" திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கிற ஆத்தாமார் எப்போதும் கேட்கிற கேள்விதானே அது.

உள்ளேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. "பசங்க கண்டதையும் சொல்லுவாங்க. தப்பான தகவலோட வெளிய போனா யார் பொறுப்பு?" என்று எங்கள் காப்பாளர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். தகவலே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பத்தாம் நூற்றாண்டா பன்னிரண்டாம் நூற்றாண்டா என்பது முக்கியம். ஆனால் கேள்வி எழுந்தபிறகு கொடுத்தால் தகவல் ஒட்டும், எழுவதற்கு முன்னால் கொட்டினால் ஒட்டாது. "துணி ஏன் கட்டல" என்று கேட்டவளிடம் காலத்தைச் சொல்லுங்கள், அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்வாள். வரிசையில் நடப்பவனிடம் சொன்னால் வாசலில் பென்சில் வாங்கும்போதே மறந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கே தடை பெற்றோர். பிள்ளை ஓவியத்தின் முன் நின்று வாயைத் திறப்பதற்குள் அப்பா பலகையை உரக்கப் படித்துவிடுவார். அம்மா வீடியோ எடுப்பார். முடிந்ததும் ஒரு தேர்வு: "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட, ஆன்ட்டிகிட்ட சொல்லு." 600 ரூபாய்க்கு ஏதாவது கையில் கிடைக்கவேண்டும் அல்லவா. அதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1942இல் விக்டர் டி'அமிகோ குழந்தைகளுக்கான கலைத் திருவிழா ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே விதி. வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திருவிழா 1963இல் டெல்லிக்கும் வந்தது. எனக்கு அந்த விதியின் மேல் பொறாமை. ஆனால் குடும்பக் கல்வியாளர் என்று பெயர் வைத்துக்கொண்டு குடும்பத்தை வெளியே நிறுத்த முடியாது. ஆகவே நான் வேறு ஒன்று செய்கிறேன்: பெற்றோருக்கும் அதே கேள்வியைக் கேட்கிறேன். "சார், நீங்க எத வச்சு சொல்றீங்க?" முதல் பத்து நிமிடம் கோபப்படுவார்கள். பிறகு மகனைவிட அதிகம் பேசுவார்கள்.

இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதையும் பேசியாகவேண்டும். பெரும்பாலும் என்னைப்போல இளம்பெண்கள், பதினோரு மாத ஒப்பந்தம், பண்டிகை முன்பணம் கிடையாது. சிலையைப் பற்றி ஆராய்பவர் அறிஞர், சிலையைப் பிள்ளைக்குக் காட்டுபவர் ஆயா என்ற சாதி அடுக்கு அருங்காட்சியகங்களுக்குள் ஆழமாக இருக்கிறது. வெளிநாட்டிலும் இதே கதைதான். டி'அமிகோ உழைத்த அதே நியூயார்க் அருங்காட்சியகம் 2020 ஏப்ரலில், கொரோனாவின் தொடக்கத்தில், தன் ஒப்பந்தக் கல்வியாளர்களை நிறுத்தியது. 2022இல் பிராகில் உலக அருங்காட்சியகக் கழகம் அருங்காட்சியகத்துக்குப் புதிய வரையறை எழுதியபோது அதில் கல்வி இருக்கிறது, எல்லோரையும் உள்ளடக்குதல் இருக்கிறது. வரையறையில் இருப்பது சம்பளப் பட்டியலில் இல்லை.

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய் என்று கேட்கலாம். நான் கேட்பதெல்லாம் மலிவான சரக்கு. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமைபோல ஆகவேண்டும். 120 பேரை ஒரே நாளில் அழைக்காமல் 30 பேராக நான்கு நாள் அழையுங்கள். தலைக்கணக்கு குறையாது. பேருந்துச் செலவு கூடும்தான். களிமண்ணையும் மோரையும் நிறுத்தி அந்தக் காசைப் பேருந்துக்குக் கொடுங்கள். நான்கு கூடங்கள் வேண்டாம், ஒரு சிலை போதும், அரைமணி நேரம். தரையில் உட்காரட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற பிள்ளையிடம் "இது கோயில் இல்ல, போட்டுக்கோ" என்று சொல்வதை நிறுத்துங்கள். அது கோயிலா இல்லையா என்பதே அரைமணி நேரம் பேசவேண்டிய விஷயம். விளக்கப் பலகையில் தமிழ் மேலே வரட்டும், ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில்.

இதையெல்லாம் ஜூன் மாதமே எழுத்தில் கொடுத்தேன். கூடவே 15 கோரைப்பாய்களுக்கு ஒரு விலைப்பட்டியல். பேருந்து பற்றிப் பதில் வரவில்லை. பாய் பற்றி ஒரு பதில் வந்தது: கூடத்தில் பாய் விரித்தால் தோற்றம் கெடும், அதற்குப் பதிலாக வண்ணப் பென்சில் இருப்பு போதுமான அளவு உள்ளதா என்று தெரிவிக்கவும்.