ஒரு சுற்று நடந்து பார்ப்பவர்

விமானத்தில் உட்கார்ந்ததும் சன்னல் வழியே கீழே பாருங்கள். விமானி ஒருவர் விமானத்தைச் சுற்றி நடந்து வருவது சில வேளைகளில் தெரியும். டயர், இறக்கை, இன்ஜின் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கும் வேலை அது. எண்ணெய் போதுமா, வானிலை எப்படி, எடை சரியா என்பதையும் விமானிகள்தாம் உறுதி செய்ய வேண்டும். பொறியாளர்கள் எத்தனை பேர் இருந்தாலும், புறப்படலாமா என்ற கடைசி முடிவு கேப்டனுடையது.

அந்தச் சுற்று ஏன் முக்கியம் என்பதற்கு நம் நாட்டு விமானமே சாட்சி. 2018 ஜூலை 18 இரவு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பியது மலேசியா ஏர்லைன்ஸ் எம்.எச். 134. விமானத்தின் வேகத்தை அறிய, முன்பகுதியில் பிட்டோட் என்ற சிறு குழாய்கள் உண்டு. பிரிஸ்பனில் அவற்றுக்குள் குளவி கூடு கட்டிவிடும் என்பதால், விமானம் நிற்கும்போது உறை மாட்டுவார்கள். அன்று மூன்று உறைகளும் கழற்றப்படவில்லை. தரைப் பணியாளர்களும் கவனிக்கவில்லை. சுற்றி வந்த விமானியின் கண்ணிலும் படவில்லை. சரியான வேகம் தெரியாமலே, 229 பேருடன் விமானம் மேலே ஏறிவிட்டது. விமானிகள் மாற்று முறையைக் கையாண்டு, சுமார் ஒரு மணி நேரத்தில் அதே விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கினார்கள்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் கிளம்பிய பிர்கன்ஏர் விமானத்தில், பிட்டோட் குழாய் ஒன்று அடைத்திருந்தது. குளவிக் கூடாக இருக்கலாம் என்றது விசாரணை. தவறான வேகத்தால் விமானிகள் குழம்பினர். விமானம் கடலில் விழுந்து 189 பேரும் மாண்டனர்.

'அவர் பார்த்திருப்பார்' என்று இவரும், 'இவர் பார்த்திருப்பார்' என்று அவரும் இருந்துவிட்டால், பார்த்தவர் யாருமே இல்லை.

இது வானத்துக்கு மட்டுமா? தைப்பூசத்துக்கு ராசாவிலிருந்து பத்துமலைக்கு பஸ் பிடிக்கிறோம். ஓட்டுநர் இறங்கி டயரையும் விளக்கையும் பார்த்தால், "நேரமாச்சு, எடுங்க அண்ணே" என்று நாம்தான் அவசரப்படுத்துகிறோம். பார்க்கட்டும், விடுங்கள். அந்த ஐந்து நிமிடம் நமக்காகத்தான்.