நம்மை நாமே ஏசலாமா?

விடியுமுன் பிரட்டுக்குப் போய், நிரையில் பாதி மரம் வெட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய பால் போயிற்று. மழை நம்மைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. ஆயினும் வீடு திரும்பும் தோழர் என்ன செய்கிறார்? வாளியை மூலையில் எறிகிறார். காப்பி ஆறிவிட்டதென்று மனைவியிடம் சீறுகிறார். குறுக்கே வந்த பிள்ளைக்கு ஓர் அறை. பிறகு இரவெல்லாம் புரண்டு புரண்டு, "நானும் ஒரு மனிதனா?" என்று தம்மையே ஏசிக்கொள்கிறார்.

ஆபீசில் இருக்கும் கிராணியாரின் நிலையும் வேறல்ல. மாதக் கடைசியில் செக்ரோல் கணக்கில் பத்து வெள்ளி இடிக்கிறது. மேலே மானேஜர், வெளியே சம்பளத்துக்குக் காத்து நிற்கும் தொழிலாளர். நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது. கணக்கு நேரான பின்னும் படபடப்பு அடங்குவதில்லை.

இது குணக்கேடு அல்ல; மன அழுத்தம். ஹான்ஸ் செல்யே என்னும் மருத்துவ அறிஞர் இதுபற்றிய தம் ஆராய்ச்சியை 1936-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். நிரையில் பாம்பைக் கண்டால் இரத்தத்தில் அட்ரினலின் பாய்ந்து, உடல் ஓடத் தயாராகிறது. அது உயிரைக் காக்கும். கடைக் கடனை நினைத்தும் நாள்தோறும் அப்படியே பாய்ந்தால் உடம்பு என்ன ஆகும்? சம்சுவில் அதை மறக்கப் பார்ப்பவருக்கு மறுநாள் பிரட்டில் இரட்டைப் பாரம்.

மரத்தின் சங்கதி நமக்குத் தெரியாததல்ல. அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை வறண்டு, கத்தி பட்டாலும் பால் சொட்டாது. அந்த மரத்தை யாரும் ஏசுவதில்லை. வெட்டை நிறுத்தி, ஆறட்டும் என்று விட்டுவைக்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதும் அதற்காகத்தான். மரத்துக்குக் காட்டும் இந்தப் பரிவை நமக்கு நாமே காட்டக் கூசுகிறோம்.

பெண் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். இருட்டில் எழுந்து உலை வைத்து, பிள்ளைக்குச் சோறு கட்டிவைத்து, ஆணுக்குச் சமமாக மரம் வெட்டி, பால் சுமந்து, திரும்பி வந்து துணி துவைக்கிறார். குழம்பில் உப்புக் கூடினால் முதலில் தம்மையே நொந்துகொள்கிறார். பக்கத்து நிரைக்காரியின் கத்தி ஆழ்ந்து மரம் காயப்பட்டுவிட்டால் அவரே என்ன சொல்வார்? "போகட்டும் அக்கா, யாருக்குத்தான் கை தவறாது?" என்பார். அந்தச் சொல்லைத் தமக்கும் சொல்லிக்கொண்டால் என்ன?

கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 2003-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுவே. இன்று மனம் கனக்கிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வது. இது நமக்கு மட்டும் வந்ததல்ல, அடுத்த நிரைக்காரர் மீதும் இதே மழைதான் பெய்தது என்று உணர்வது. நண்பரிடம் பேசுவதுபோல் தன்னிடமும் அன்பாகப் பேசுவது. புலம்பலுக்கும் இதற்கும் வெகுதூரம். புலம்புகிறவர் தாம் ஒருவரே துன்பப்படுவதாக எண்ணுகிறார். மேலும், தம்மை மன்னிக்கக் கற்றவர் அறை வாங்கிய பிள்ளையை மறுநாள் அருகே அழைத்து, "அப்பா செய்தது தப்பு" என்று சொல்லவும் துணிவார்.

ஒன்றைத் திட்டமாகக் கூறிவிடுகிறோம். "மனத்தைத் தேற்றிக்கொள், சம்பளத்தைப் பேசாதே" என்று எவரேனும் உபதேசிக்க வந்தால் அதை ஏற்க மாட்டோம். தீபகற்ப மலேசியாவில் 2023 சனவரி முதல் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குவதும் நம்மீது நாம் காட்டும் இரக்கமே.

வாரக்கணக்கில் உறக்கமில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு உடனே போக வேண்டும். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பழைய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்கு அஞ்சி வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. தனியே போகக் கூச்சமானால் கிளைத் தோழர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.