மண்ணும் வைக்கோலும் மிளகும்



பள்ளிப் பாடத்தில் எகிப்து நாகரிகம் வந்துவிட்டால் வீட்டில் தெர்மாகோல் பிரமிடு முளைத்துவிடுகிறது. பெரும்பாலும் அதைச் செய்பவர் தந்தை. மதிப்பெண் பெறுவது பிள்ளை! மறைக்கல்வி வகுப்பிலோ எகிப்து என்றால் பார்வோன், வாதைகள், செங்கடல் என்பதோடு சரி. ஈரிடத்தும் அந்நாட்டு மக்களைப் பிள்ளைகள் சந்திப்பதில்லை. போடியில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, அதிகச் செலவின்றிச் சந்திக்கச் செய்யலாம்.

முதலில் செங்கல். நைல் நதி வண்டலோடு நறுக்கிய வைக்கோலைக் கலந்து, மர அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்திய பச்சைக் கற்களால் எகிப்தியர் வீடுகளும் களஞ்சியங்களும் கட்டினர். கண்மாய் வண்டலைப் பிசைந்து பிள்ளைகள் இரு கற்கள் வார்க்கட்டும். ஒன்றில் வைக்கோல் சேரட்டும், மற்றதில் வேண்டாம். வைக்கோல் சேராத கல் காயும்போது பெரும்பாலும் வெடித்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். வைக்கோல் கொடுக்கப்படாது, ஆயினும் கற்களின் கணக்குக் குறையலாகாது என்பது பார்வோனின் ஆணை. விடியுமுன்னே ஜீப்பேறிப் போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குக் காய் பறிக்கச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். கங்காணி என்பவர் யார் என்று அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்களே பிறருக்கு விளக்குவர். ஆசிரியர் அவ்வேளையில் சற்று மௌனமாயிருப்பது நன்று.

மோசேயின் பேழையைக் கோரையால் பின்னலாம். கீலுக்குப் பதிலாக, பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுத்திரிகளைப் பெரியவர் ஒருவர் உருக்கிப் பூசித் தரட்டும். தொட்டியில் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூழ்கினால் மறுபடியும் பூச வேண்டும்.

மாணவன் ஒருவனைத் துணியால் சுற்றி 'மம்மி' என்று சிரிக்கும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. யாக்கோபின் உடலும் யோசேப்பின் உடலும் அவ்வாறே பதப்படுத்தப்பட்டன என்று தொடக்க நூல் கூறுகிறது. ஒரு மீனை உப்பில் புதைத்து வையுங்கள். ஈரம் வற்றினால் அழுகல் நிற்கும் என்பது விளங்கும். கருவாடு அறிந்த வீட்டாருக்கு இது புதுமையன்று.

இனி மிளகு. கி.மு. 1213இல் மறைந்த இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்தப்பட்ட உடலில், மூக்கினுள் மிளகு காணப்பட்டது. செங்கடல் துறைமுகமாகிய பெரெனிகேயில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியச் சாடியொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. குசேர் அல் காதிம் என்னும் மற்றொரு துறையில் கிடைத்த பானை ஓட்டில் 'பானை ஒறி' எனத் தமிழ் பிராமியில் பொறித்திருந்ததை ஐராவதம் மகாதேவன் 2007இல் எடுத்துக்காட்டினார். ஒறி என்பது நம் பாட்டியர் நெய்ப்பானை தொங்கவிட்ட அதே உறிதான். அத்துறைகளுக்கு நம் கரை மிளகு சென்றுகொண்டிருந்த காலத்தையொட்டியே, ஏரோதுக்குத் தப்பிய திருக்குடும்பத்துக்கும் எகிப்து புகலிடமாயிற்று. அடிமை வீடாக மட்டும் அந்நாட்டை அறிந்த பிள்ளைக்கு இதையும் சொல்ல வேண்டாமா?

ஆகவே சிறு பானையொன்று வனைந்து, ஈரம் காயுமுன் தமிழ் பிராமியில் தம் பெயரைக் கீறி, சணலால் உறி பின்னி, கைப்பிடி மிளகிட்டு வகுப்பறையில் தொங்கவிடட்டும். கல்லையும் பானையையும் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எதுவும் காயாது.