கடனாளியாக்கும் வலி: எண்டோமெற்றியோசிஸும் தனியார் சிகிச்சையும்

மாதவிடாய் வலி என்பது பெண்ணாய்ப் பிறந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதொன்று என்ற எண்ணம் எமது சமூகங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. மாதந்தோறும் இரண்டு மூன்று நாட்கள் பாடசாலைக்குச் செல்ல முடியாமல் சுருண்டு கிடக்கும் மாணவிக்கும், வலிநிவாரணி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு ஆடைத் தொழிற்சாலைக்கோ தேயிலைத் தோட்டத்திற்கோ செல்லும் யுவதிக்கும் கூறப்படும் ஆறுதல், 'கல்யாணம் முடித்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதேயாகும். அவ்வாறு சரியாகிவிடாத நோயொன்று உண்டு. அதுவே எண்டோமெற்றியோசிஸ்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகங்கள், குடல், சிறுநீர்ப்பை போன்ற உறுப்புகளின் மீது வளர்வதே இந்நோயாகும். கடும் மாதவிடாய் வலி, தாம்பத்திய உறவின்போதான வலி, மலசலம் கழிக்கும்போதான வேதனை, தீராத களைப்பு, குழந்தைப்பேறின்மை என்பன இதன் விளைவுகள். உலகெங்கும் கருவளப் பருவத்திலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதமானோர், அதாவது சுமார் 19 கோடிப் பேர் இதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. இதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னமும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்நோய்க்கென வழமையான சிகிச்சைப் படிமுறையொன்று உண்டு. முதலில் வலிநிவாரணிகள்; அடுத்து கருத்தடை மாத்திரைகள் அல்லது புரொஜெஸ்டோஜன் வகை ஹோர்மோன் மருந்துகள்; அவை பலனளிக்காவிடின் சூலகச் செயற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் ஊசிமருந்துகள்; இறுதியாக லப்ரஸ்கோப்பி எனப்படும் நுண்துளைச் சத்திரசிகிச்சை. பெரும்பாலானோருக்கு இவற்றில் ஏதேனுமொன்று நிவாரணம் தருகின்றது. எனினும் கணிசமானோருக்கு மருந்தை நிறுத்தியதும் வலி திரும்புகின்றது. சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் நோய் மீண்டும் தலைதூக்குவது அசாதாரணமானதல்ல. குழந்தைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் பெண்களுக்கோ, கருத்தரிப்பைத் தடுக்கும் ஹோர்மோன் சிகிச்சை பொருந்துவதேயில்லை. வழமையான சிகிச்சை இவ்வாறு கைவிடும் இடத்திலேதான் எமது நாட்டுப் பெண்கள் தனியார் வைத்தியசாலைகளின் படிகளில் ஏறத் தொடங்குகின்றனர்.

இலவச மருத்துவம் இந்நாட்டின் பெருமைகளில் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவினத்தில் அரைவாசிக்குக் கிட்டிய பங்கு மக்களின் சொந்தக் கைப்பணத்திலிருந்தே செல்கின்றது. அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கையில், ஒரு நோயாளியின் பல வருட வேதனையைக் கேட்பதற்கு வைத்தியருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. உயிராபத்தற்ற நோய் என்பதால் சத்திரசிகிச்சைக் காத்திருப்புப் பட்டியலிலும் இவர்களது பெயர் புற்றுநோயாளருக்கும் அவசர மகப்பேற்றுச் சிகிச்சைகளுக்கும் பின்னரே வருகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துகளுக்கு ஏற்பட்ட பெருந்தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கு கவனிக்க வேண்டிய முக்கியமான விடயமொன்றுண்டு. அரசாங்க வைத்தியசாலையில் காலையில் கடமையாற்றும் அதே விசேட வைத்திய நிபுணரையே மாலையில் தனியார் வைத்தியசாலையில் பணம் செலுத்திச் சந்திக்கும் நடைமுறை எமது நாட்டில் உள்ளது. ஆகவே, பணம் கொடுத்துப் பெறப்படுவது பெரும்பாலும் மேலதிக மருத்துவ ஆற்றல் அல்ல. நேரமும் செவிசாய்ப்பும் முன்னுரிமையுமே ஆகும். வரிசையில் நின்றவருக்கு மறுக்கப்பட்ட அவகாசம் பணம் செலுத்தியவருக்குக் கிடைக்கின்றது. இந்நோயைப் பொறுத்தவரை அவகாசம் சிகிச்சையின் ஓர் அங்கமாகும் என்பதால் இதனைச் சிறிய விடயமாகக் கொள்ள முடியாது.

மறுபுறத்தில், தனியார் சிகிச்சை என்பதால் அது தேர்ச்சிமிக்க சிகிச்சையாகிவிடாது. குடலையும் சிறுநீர்க்குழாயையும் ஊடுருவிய நோய்க்குப் பெண்நோயியல் நிபுணருடன் குடல், சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் இணைந்து பணியாற்ற வேண்டும். சூலகக் கட்டிகளை மீண்டும் மீண்டும் அகற்றுவது சூல்முட்டைகளின் இருப்பைக் குறைத்துவிடும். கருப்பையை அகற்றினாலும் வெளியே வளர்ந்த நோய் எஞ்சியிருப்பின் வலி தொடரக்கூடும். நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்துச் செய்யப்படும் சத்திரசிகிச்சையொன்று அரைகுறையாக முடியுமாயின், அக்குடும்பம் பணத்தையும் நம்பிக்கையையும் ஒருசேர இழக்கின்றது.

தமிழ், முஸ்லிம் சமூகங்களில் இப்பிரச்சினை மேலும் சிக்கலடைகின்றது. திருமணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டால் அதனை வீட்டில் வைத்திருக்கவே தாய்மார் அஞ்சுகின்றனர். இவர்களுக்கு யோனிவழி ஸ்கான் பரிசோதனை பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. வயிற்றின் மேலாகச் செய்யப்படும் ஸ்கானில் நோய் தென்படாமல் போவது சாதாரணம். 'ஸ்கானில் ஒன்றுமில்லை' என்ற வார்த்தை 'நோயே இல்லை' என்று பொருள்கொள்ளப்படுகின்றது. பெண் வைத்தியரை நாடும் முஸ்லிம் பெண்களுக்கும், தாய்மொழியில் வேதனையை விளக்க முடியாது கொழும்பு வரை வரும் வடக்கு, கிழக்கு, மலையகப் பெண்களுக்கும் தெரிவுகள் மேலும் சுருங்குகின்றன. குழந்தையின்மைக்கான பழி மாத்திரம் குறைவின்றி அவர்கள் மீது சுமத்தப்படுகின்றது.

பிரித்தானியாவில் 2017 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தேசிய வழிகாட்டல், கடுமையான நோயுள்ளவர்களை விசேட எண்டோமெற்றியோசிஸ் நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும் எனக் கூறுகின்றது. அவுஸ்திரேலியா 2018 இல் இந்நோய்க்கெனத் தேசிய செயற்றிட்டமொன்றை வெளியிட்டது. அங்கும் தாமதங்கள் நீங்கிவிடவில்லை. பிரித்தானியாவில் நோயைக் கண்டறியச் சராசரியாக 8 வருடங்களும் 10 மாதங்களும் செல்வதாக 2024 ஆம் ஆண்டு அங்குள்ள நோயாளர் அமைப்பொன்று சுட்டிக்காட்டியது. எனினும், வழமையான சிகிச்சை தோல்வியுற்றால் அடுத்து எங்கு செல்வது என்ற கேள்விக்கு அங்கு எழுத்தில் ஒரு பதிலாவது உண்டு.

எமக்குத் தேவைப்படுவதும் அதுவே. எத்தனை மாதச் சிகிச்சைக்குப் பின்னர், எந்த அறிகுறிகளுடன், எந்த வைத்தியசாலைக்கு நோயாளியை அனுப்புவது என்பதைச் சுகாதார அமைச்சு வரையறுத்து மும்மொழிகளிலும் அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பல்துறை நிபுணர்கள் கூட்டாகப் பார்வையிடும் கிளினிக்கை மாதத்தில் ஒரு நாளேனும் நடத்துவது இயலாத காரியமல்ல. கிராமந்தோறும் பணியாற்றும் குடும்பநல உத்தியோகத்தர்கள் மாணவிகளின் கடும் மாதவிடாய் வலியைக் கேட்டறிந்து பதிவு செய்யலாம். தனியார் வைத்தியசாலைகளைக் கண்காணிக்க 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. சத்திரசிகிச்சைக்கான முழுச் செலவையும் முன்கூட்டியே எழுத்தில் வழங்குவது அதன் கீழ் உறுதிசெய்யப்பட வேண்டும்.

அதுவரையில், தனியார் சிகிச்சையை நாடும் குடும்பங்கள் சில கேள்விகளைக் கேட்கத் தயங்கக் கூடாது. இத்தகைய சத்திரசிகிச்சையில் நிபுணருக்குள்ள அனுபவம் என்ன? நோய் முழுமையாக அகற்றப்படுமா, மேலோட்டமாகக் கருக்கப்படுமா? குடலில் நோய் காணப்பட்டால் யார் உடனிருப்பார்? கருவளம் எவ்வாறு பாதுகாக்கப்படும்? மீண்டும் தோன்றாதிருக்கப் பின்னர் என்ன மருந்து வழங்கப்படும்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதிலளிக்காத இடத்தில் பணத்தைச் செலுத்துவதற்கு முன்னர் இன்னொரு நிபுணரின் கருத்தைப் பெறுவதே உசிதமாகும். ஸ்கான், சத்திரசிகிச்சை அறிக்கைகள் அனைத்தையும் தம்வசம் பத்திரப்படுத்திக்கொள்வதும் அவசியம்.

வசதியுள்ளவர் தனியார் வைத்தியசாலையை விரும்பித் தெரிவு செய்வதில் தவறில்லை. ஆனால், வேறு வழியின்றி ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் கடன்பட்டு அங்கு செல்ல நேர்வதைத் தெரிவு என்று கூற முடியாது. இலவச மருத்துவத்தை ஏட்டளவில் மாத்திரமன்றி நடைமுறையிலும் காப்பாற்ற விரும்பும் ஆட்சியாளர்கள், இப்பெண்களின் வலியையும் நோயாக ஏற்றுக்கொள்வதிலிருந்து அதனைத் தொடங்குவார்களா?