கம்பியைத் தின்றது எது?

"மரத்துல வீடு கட்டுனா கரையான் தின்னுராதா மாப்ள?"

வேடசந்தூர் டீக்கடையில் இப்படிக் கேட்ட மாமாவின் தலைக்கு மேலே, என் அப்பா பிறக்கும் முன்பே போட்ட பனங்கைக் கூரை.

நான் சொன்னது பலகை வீடு அல்ல. உலர்ந்த பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டு அழுத்திய கனமான மரப்பாளங்கள். கிராஸ் லாமினேட்டட் டிம்பர் என்று பெயர். 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்த முறை. சுவர், தளம் எல்லாம் அதிலேயே செய்யலாம். நார்வேயின் பிரூமுண்டாலில் 2019 முதல் ஒரு 18 மாடிக் கட்டடம், ஒட்டுமரத் தூண்கள் மேலும் உத்திரங்கள் மேலும் நிற்கிறது.

தீப்பிடித்தால்? கனமான மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கருகும். அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். இரும்போ 600 டிகிரியில் பாதிப் பலத்தை இழந்து வளையும். கரையான் மண்ணிலிருந்து வருவது. அடித்தளத்தைக் கல்லில் உயர்த்தி, ஈரம் படாமல் காத்து, போரான் உப்பு ஏற்றினால் தடுக்கலாம்.

'மரம் வெட்டுறது பாவம்' என்பது அடுத்த வாதம். 1993-ல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தைத் தடைசெய்தது. 2020-ல்தான் விலக்கியது. காட்டைக் காக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் காட்டு மரமும் தோட்டத்தில் பயிராக நட்ட மரமும் ஒன்றா? நம் பக்கத்துக் கரிக்காலியில் சிமெண்ட் ஆலை இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள் கிடந்த கார்பனும் வெளியேறும். உலகக் கார்பன்-டை-ஆக்ஸைடு உமிழ்வில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட்டினுடையது. மரமோ காற்றிலிருந்து எடுத்த கார்பனை, வீடு நிற்கும்வரை பூட்டி வைக்கும்.

அதற்காக, ஐரோப்பிய மரத்தைக் கப்பலில் இறக்கிக் கொடைக்கானலில் பண்ணைவீடு கட்டுபவர்களின் 'பசுமை'க்கு நான் வக்கீல் இல்லை. இங்கே மலைவேம்பு நடுகிற விவசாயிக்குப் பிளைவுட்டும் தீக்குச்சியும்தான் சந்தை. சவுக்கு காகிதக் கூழாகப் போகிறது. இந்த வானம் பார்த்த பூமியில் எது அதிகம் தண்ணி கேக்காம வளரும்னு மொதல்ல பாக்கணும். வீட்டைத் தாங்குமா என்று சோதித்துத் தரம் பிரிக்க வேண்டும். பாளமாக்கும் ஆலை இங்கேயே வர வேண்டும்.

குடிசை எரிந்ததைக் கண்டவர்களுக்குக் கான்கிரீட் என்பது கௌரவம். அதை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. என் சண்டை அரசோடு. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம். 2024-ல் வீட்டுக்கு 3.5 லட்சம் தரும் கலைஞர் கனவு இல்லம், அதிலும் கான்கிரீட் கூரை. ஏழையின் கௌரவத்துக்கு வேறு பொருளே கிடையாதா? எல்லாம் வேண்டாம், பத்து வீட்டையாவது மரத்தில் கட்டிப் பாருங்களேன்.

ஏதாவது ஒரு பழைய தொகுப்பு வீட்டுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும். சித்திரை மாதம் அந்த வீட்டு அக்கா வாசலில்தான் படுப்பார். நடுராத்திரியிலும் உள்ளே தளம் கொதிக்கும்.

கரையானப் பத்திக் கேட்டீங்களே மாமா, அந்தக் கம்பியத் தின்னது எது?