டப்பா உணவால் உடல் இளைக்குமா?

பெங்களூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் எல்லாம் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. காலையில் இட்லிக்குப் பதில் ஒரு டம்ளர் சத்துப் பவுடர், இரவில் சப்பாத்திக்குப் பதில் இன்னொரு டம்ளர். மூன்று மாதத்தில் தொந்தி கரையும், சர்க்கரை இறங்கும் என்கிறார்கள். இந்த டப்பாக்களை விற்பவர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்களே. பூங்காவில் உடன் நடப்பவர், அடுத்த வீட்டுக்காரர், அலுவலக நண்பரின் மனைவி. அதனால் மறுத்துச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று கேட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து, ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஷெட்டுக்குப் புதிதாக ஓர் எண்ணெய் வந்தால், பீப்பாயின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பி எஞ்சினில் ஊற்ற மாட்டோம். அதற்கு வரையறுத்த தரம் என்ன, சோதனை எந்த எஞ்சினில் நடந்தது, எத்தனை நாள் ஓடியது என்று கேட்போம். வயிற்றுக்குள் போகும் பொருளுக்கு அதைவிடக் குறைந்த கேள்விகள் போதுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். உடலில் சேர்ந்த கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ கொழுப்பு கரையும் என்றால், நாள் ஒன்றுக்கு 2,500 கலோரிக்கு மேல் துண்டு விழவேண்டும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஒரு நாளின் மொத்தச் செலவே அவ்வளவு இராது. பட்டினி கிடந்தாலும் நடக்காத காரியத்தை ஒரு பவுடர் எப்படிச் செய்யும்? முதல் வாரத்தில் தராசு காட்டும் வேகமான இறக்கத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

இந்தப் பொருள் புதியதும் அன்று. அமெரிக்காவில் 1959-லேயே 'மெட்ரிகால்' என்ற பவுடர் வந்தது. நாளுக்கு 900 கலோரி என்பது அதன் திட்டம். நம் பக்கத்து ஊரான மைசூரில், 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்து வைட்டமின் சேர்த்து ஒரு சத்துமாவு தயாரித்தது. அங்கே கொழுத்தவர் இளைப்பதற்கு. இங்கே இளைத்தவர் தேறுவதற்கு. டப்பாவில் மந்திரம் இல்லை, எவ்வளவு உள்ளே போகிறது என்ற அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

அளவு தவறினால் ஆபத்தும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரத உணவு ஒன்று பரவியது. மட்டமான புரதம், மிகக் குறைந்த கலோரி. அதை மட்டுமே குடித்து வந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிப் போனது. பிறகு 1991-ல் கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர ஆணையம் ஓர் அளவு வகுத்தது. எல்லா வேளைக்கும் மாற்றாக விற்கும் உணவு நாளுக்கு 800 முதல் 1,200 கலோரி தரவேண்டும். ஒரு வேளைக்கு மட்டும் மாற்று என்றால் 200 முதல் 400 கலோரி. அதில் கால் பங்குக்குக் குறையாமல் புரதத்திலிருந்து வரவேண்டும். உங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள்.

சரி, இதனால் பயனே இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வின் முடிவு 2017-ல் வெளிவந்தது. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, உடல் பருமன் மிகுந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்குச் சுமார் 850 கலோரிப் பவுடர் உணவு மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினருக்கு மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதமே. இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. இவை நல்ல எண்கள். ஆனால் விற்பவர் சொல்லாமல் விடும் சில உண்டு. சேர்க்கப்பட்டவர்கள் 65 வயதுக்கு உட்பட்டவர்கள். சர்க்கரை மாத்திரையையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் முதல் நாளே மருத்துவக் குழு நிறுத்தியது. சாதாரண உணவுக்குப் படிப்படியாகத் திரும்ப வைத்து, மாதந்தோறும் கவனித்தது. பலன் தந்தது பவுடர் மட்டும் அன்று, அந்த ஏற்பாடு முழுவதும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓசூரில் இருக்கும் என் மைத்துனர் யாரிடமும் சொல்லாமல் இப்படி ஒரு பவுடரைத் தொடங்கினார். உணவு பாதியாயிற்று, சர்க்கரை மாத்திரை பழைய அளவிலேயே ஓடியது. ஒன்பதாம் நாள் விடியற்காலை வியர்த்துக் கொட்டிக் குளியலறையில் விழுந்தார். என் தங்கை பதறாமல் வாயில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதால் பிழைத்தார். விற்றவர் கெட்டவர் அல்லர். "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்ற ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. அறுபதைத் தாண்டியவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், பித்தப்பைக் கல் உள்ளவர், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் ஆகியோர் தாமாக இதைத் தொடவேண்டாம். வேகமாக இளைத்தால் பித்தப்பைக் கல் வரும்; வயதானவருக்குக் கொழுப்போடு தசையும் போகும். போன தசை எளிதில் திரும்பாது. சர்க்கரை நோய் புதிதாக வந்த, பருமனான நடுத்தர வயதினர் மட்டும் மருத்துவரிடம் கேட்டு, அவர் மேற்பார்வையில் முயலலாம். காலையில் வெறும் வயிற்றோடு ஒயிட்ஃபீல்டுக்கு ஓடும் பிள்ளைகள் ஒரு வேளை குடிப்பதில் குற்றமில்லை. ஆனால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு முட்டையும் மலிவாகவே ஏறத்தாழ அதே புரதத்தைத் தரும்.

மற்றவர்களுக்கு வழி தட்டிலேயே இருக்கிறது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2025-ல் கூறியது. இங்கே வந்தபின் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறியவர்கள் பலர். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனால் அதுவும் மாவுச்சத்தே, கலோரியில் அரிசிக்கு அதிகம் குறைந்ததில்லை. இரண்டு உருண்டையை ஒன்றாக்கி, அந்த இடத்தில் சுண்டலும் கீரையும் வைத்தால் போதும். முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொல்லி வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வைத்த மருத்துவத்துக்கு விலையும் இல்லை.

கடைசியாக ஒன்று. வீடு தேடி வந்து விற்பவர் அடையாள அட்டையோடு, முன் அனுமதி பெற்றுத்தான் வரவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் சொல்கின்றன. நண்பர் என்பதற்காக விதி தளராது. நம் விழாக்களில் இத்தகைய டப்பாக்களுக்குக் கடை போட இடம் கேட்டால், அந்த இடத்தில் ஒரு மருத்துவரையும் ஒரு தராசையும் ரத்தக் கொதிப்புக் கருவியையும் வைக்கும்படி சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.